நாலும் சரி, ஆறும் சரி

அக்கா போனில் எப்போதும் திட்டிக்கொண்டுதான் பேசுவாள். அன்று காலை திட்டவில்லை. அதிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க அத்தான் ஆள மாத்திக் குடுத்துட்டாராம்," என்றாள்.

அத்தானுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில். அங்கே ஆளை மாற்றிக் கொடுப்பதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வீட்டுப் பிணம் இன்னொரு வீட்டாரிடம் போய்விட்டது. அவர்கள் அதைக் கொண்டுபோய் எரித்தும் விட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. வேலை போனால் ஆஸ்பத்திரி கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும். அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது என்று இப்போதே யோசிக்க வேண்டியதுதான்.

"மெஷின் சரின்னு சொன்னப்புறம்தான் குடுத்தேங்கிறாரு. மெஷின் பாக்கறது உன் லேபிளத்தானே?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள்.

அவனுக்கு லேபிள் அச்சடிக்கிற தொழில். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு பிரிண்டர், சுவர் முழுக்க சுருள் சுருளாகக் காகிதம். எல்லாவற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். அதனால் அத்தான் அவனுக்கு வரிக்குதிரை என்று பெயர் வைத்தார். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையில் அதையே போடாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

பார்கோடு எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவன் வாய் ஓயாமல் பேசுவான். கடையில் விற்கிற சோப்புக்குப் பதின்மூன்று இலக்கக் கோடு. அது இன்ன சோப்பு என்று மட்டும் சொல்லும், அதில் எந்தக் கட்டி என்று சொல்லாது. எழுத்தும் எண்ணும் கலந்து வேண்டுமென்றால் வேறு ரகம். ஊசி, மாத்திரை மாதிரி இடமே இல்லாத சாமானுக்குச் சின்னச் சதுரத்துக்குள் புள்ளிகளாகப் போடுகிற டேட்டா மேட்ரிக்ஸ். பொருளைப் பார், ஒட்டுகிற இடத்தைப் பார், படிக்கிற துப்பாக்கியைப் பார், அப்புறம் கோட்டைத் தேர்ந்தெடு என்பான். ஸ்கேனரை எல்லோரும் துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள். கையில் பிடிக்கிற விதம் அப்படி.

பிணவறைக்கு அவன் தேர்ந்தெடுத்தது ஐ.டி.எஃப். என்கிற ரகம். கணுக்காலில் கட்டுகிற பட்டை விரலகலம்கூட இருக்காது. எண் மட்டும் போதும். இந்த ரகத்தில் எண்களை இரண்டிரண்டாகப் பின்னுவார்கள். ஒரு எண் கறுப்புக் கோடுகளில், அடுத்த எண் நடுவில் விட்ட வெள்ளையில். அதனால் இடம் மிச்சம். ஆஸ்பத்திரியின் கிழட்டுப் பிரிண்டரிலும் சுத்தமாக விழும். அன்றைக்கு அது சரியான தேர்வு என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அவன் போனபோது அத்தான் பிணவறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய ரப்பர் செருப்பு மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கொஞ்சம் தள்ளி பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஒரு பை. பைக்குள் ஆண்பிள்ளை உடுக்கிற சட்டை ஒன்று இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

"அந்த அம்மாதான்," என்றார் அத்தான், உதடு அசையாமல். "வெல்டரோட சம்சாரம்."

நடந்ததை அவர் கதை சொல்வது மாதிரி சொல்லவில்லை. பொருள் எண்ணுவது மாதிரி சொன்னார். ஒரு கிழவரின் உடல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தது. விபத்தில் போனவர். மகன்களுக்குள் வழக்கு, யார் வாங்குவது என்று. ஒரு வழியாகச் சமாதானமாகி எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். எந்தத் தட்டில் யார் என்று அங்கே எழுதி வைப்பதில்லை. காலியான தட்டில் வைப்பார்கள், துப்பாக்கியை வைத்துத் தேடுவார்கள். வேண்டிய எண்ணைத் துப்பாக்கியில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகக் காட்டிக்கொண்டு போக வேண்டியது. வேறு ஆள் என்றால் அது முணுமுணுக்கும். தேடுகிற ஆள் என்றால் நீளமாகக் கூவும். அத்தான் அடித்தது கிழவரின் எண். அது கூவியது வெல்டரின் காலில்.

வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவர் அந்த வெல்டர். தலையைச் சுற்றித் துணி. கிழவருக்கும் அப்படித்தான். அப்பா முகம் இருந்தபடியே நினைவில் இருக்கட்டும், திறக்க வேண்டாம் என்று மகன்கள் சொன்னார்கள். அத்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிவிட்டார். வெல்டரின் மனைவி வெளியூரில் வேலை பார்த்தவள், மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். அவள் சொன்ன எண்ணுக்குத் துப்பாக்கி எந்தக் காலிலும் கூவவில்லை.

"நீங்களாவது துணிய வெலக்கிப் பாத்திருக்கலாமே அத்தான். போட்டோ இருக்குமே."

"பாக்கணும்னுதான் ரூல்."

"பாக்கலையா?"

"நான் யாரு மூஞ்சியையும் பாக்கறதில்ல மாப்ள. பாத்தா வீட்டுக்குக் கூடவே வந்துடுவாங்க. உங்கக்காவுக்குச் சோறு போட எடம் இருக்காது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நம்பரப் பாத்தாப் போதும்னுதானே உன் கோடு வந்துச்சு."

அவன் கடைக்குத் திரும்பி வெல்டரின் எண்ணை அதே பட்டையில் அச்சடித்தான். தன்னிடமிருந்த துப்பாக்கியால் நேராகப் பிடித்தான். ஆறு இலக்கமும் வந்தன. மறுபடி பிடித்தான். மறுபடியும் ஆறு. பட்டையை ஒரு பாட்டிலின் கழுத்தில் சுற்றி, பாட்டிலை அலமாரியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்து, குளிர்பெட்டிக்குள் கை விடுகிற மாதிரி குனிந்து, சாய்த்துப் பிடித்தான். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தான். ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வலித்து, விட்டுத் தொலைக்கலாம் என்று கையை இழுக்கும்போது அது கூவியது. திரையில் ஆறில் முதல் நான்கு இலக்கம் மட்டும். கிழவரின் எண்.



அந்த ரகத்தின் குறை அவனுக்குத் தெரியாதது அல்ல. பின்னல் எங்கே முடிகிறது என்பதற்கு அதில் அழுத்தமான அடையாளம் கிடையாது. சிவப்புக் கதிர் சாய்ந்து விழுந்து பட்டையின் விளிம்பு வழியாகப் பாதியில் வெளியே போய்விட்டால், படித்த வரைக்கும்தான் எண் என்று துப்பாக்கி சில சமயம் நம்பிவிடும். இதற்கு மருந்து உண்டு. மேலும் கீழும் தடித்த கோடு போட்டால் சாய்ந்த கதிர் அதில் முட்டி நின்றுவிடும். அவன் போடவில்லை. போட்டுப் பார்த்ததில் குளிரில் மை ஈஷி, பட்டை அசிங்கமாக இருந்தது. இன்னொரு மருந்து, இத்தனை இலக்கம் இருந்தால்தான் ஏற்க வேண்டும் என்று துப்பாக்கிக்குக் கட்டளை போடுவது. அதைப் போட்டிருந்தான். நாலு இலக்கம்தான் என்று. ஆஸ்பத்திரியில் எண்கள் பெருகி ஆறு இலக்கம் ஆனபோது, பழைய ஆட்கள் இன்னும் உள்ளே கிடக்கிறார்களே என்று, நாலும் சரி ஆறும் சரி என்று மாற்றிவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்த வேலை. அரைகுறையாகப் படித்த ஆறு, ஒரு முழு நாலாக வேஷம் போட முடியும் என்று அன்று தோன்றவில்லை. பசி நேரம்.

இதை விசாரணையில் சொன்னால் அத்தான் தப்பிக்கலாம். சொன்னால் அவன் கடையை இழுத்து மூட வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிதான் அவனுக்குப் பெரிய வாடிக்கை. பிணவறையில் பிழை விட்டவனிடம் ரத்தக் குப்பிக்கு யார் லேபிள் வாங்குவார்கள்?

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனான். சொல்லாமல் வந்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. அக்கா அலமாரியிலிருந்த பாத்திரங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே வீடு காலிபண்ண ஆரம்பித்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாய் நிற்கவில்லை. பாட்டில், பட்டை, சாய்ந்த கதிர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அக்கா துடைத்த சட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நாளான்னிக்கு நீ வந்து சொல்றே."

அத்தான் வேண்டாம் என்றார். அவன் எதிர்பார்க்காதது அது. அவர் சொன்னது இதுதான்: துப்பாக்கி பொய் சொல்லும் என்று வெளியே தெரிந்தால், இத்தனை நாள் வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள். எங்கள் ஆளைத்தான் கொடுத்தாயா என்பார்கள். எரித்ததையும் புதைத்ததையும் மறுபடி துப்பாக்கியில் காட்ட முடியுமா? ஒருத்தன் கவனக்குறைவாக இருந்தான் என்றால் ஒரு வீட்டோடு போகும்.

"ஊர் நிம்மதிக்கு நாங்க தெருவுல நிக்கணுமா?" என்றாள் அக்கா அவரிடம். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் தலையக் குனிஞ்சிக்கிறே? இவரு வாயடச்சிக்கிட்டா உனக்கு வசதிதானே. கடை தப்பிக்கும்."

அவனுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அது பொய்யாக இருக்கும் என்று நிறுத்திக்கொண்டான்.

விசாரணை அறையில் நீள மேஜை, ஏ.சி. சத்தம், யாரும் தொடாத தண்ணீர் பாட்டில்கள். மேஜையின் தலைமாட்டில் நிர்வாக அதிகாரி. மெலிந்த பெண்மணி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். அவன் பாட்டிலையும் பட்டையையும் துப்பாக்கியையும் எடுத்து வைத்தான். எல்லோர் முன்னாலும் குனிந்து, சாய்த்து, பிடித்துக்கொண்டே இருந்தான். ஒருவர் கொட்டாவி விட்டார். கடைசியில் அது கூவியபோது அறையில் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நிர்வாக அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவன் நினைத்ததைவிட வேகமாகப் புரிந்துகொண்டிருந்தார். ஆறு இலக்கம் வந்தது எப்போது, அதற்குப் பிறகு வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்திலிருந்தவரிடம் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு அத்தானைக் கேட்டார்.

"மெஷின் பொய் சொல்லிச்சு, சரி. உங்க கண்ணு எங்க போச்சு?"

அத்தானுக்காக வந்திருந்த தொழிற்சங்கத்துக்காரர் முந்திக்கொண்டார். மகன்களே திறக்க வேண்டாம் என்றார்கள், முகத்தில் கட்டு இருந்தது, ஆஸ்பத்திரி கொடுத்த கருவியைத் தொழிலாளி நம்பினார், நம்புவது குற்றமா என்றார். முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாகக் கூறி எழுந்தார்கள். வெளியே வந்ததும் சங்கத்துக்காரர் அத்தானின் தோளைப் பிடித்து, வேலை அநேகமாகத் தப்பித்துவிட்டது என்றார். பிணவறை போய் சலவைப் பிரிவு கிடைக்கும், வீடு இருக்கும்.

"மூஞ்சியப் பாக்கல, மெஷின நம்பினேன். அவ்வளவுதான் உங்க வாயில வரணும். வேற எதாவது உளறினீங்க, எங்கப்பன் வந்தாலும் காப்பாத்த முடியாது."

அக்கா அன்று இறக்கிய பாத்திரங்களைத் திரும்ப ஏற்றினாள். தம்பிக்குச் சோறு போட்டாள். பேசவில்லை, ஆனால் போட்டாள்.

நிர்வாகம் எதையும் மூடி மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவனுக்குத் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும். அவனையும் வரச்சொல்லி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் நேர்ப்பட ஸ்கேன் செய்து, போட்டோவோடு ஒப்பிட்டு, வெளியே போனவர்களின் பதிவோடு பொருத்திப் பார்த்தார்கள். யாராவது மாறிப் போயிருந்தால், போனதாகப் பதிவான ஆள் உள்ளேயே கிடந்தாக வேண்டும். அப்படிக் கிடந்தவர் கிழவர் ஒருவர்தான். வேறு மாற்றம் நடக்கவே இல்லை. அவன் மூச்சு விட்டான். பிறகு நிர்வாகத்தார் நேர்மையாக நடந்துகொள்வது என்று முடிவெடுத்து, சம்பந்தப்பட்ட வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, கருவியில் ஒரு குறை இருந்தது, உங்கள் விஷயத்தில் தவறில்லை, கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார்கள்.

கவலைப்பட வேண்டாம் என்று போன் வந்தால் யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

சனிக்கிழமை காலையிலேயே வாசலில் கூடிவிட்டார்கள். அவன் புதுப் பட்டைகளை ஒப்படைக்க வந்திருந்தான். இனி டேட்டா மேட்ரிக்ஸ். புள்ளிச் சதுரம். முழுதாகப் படிக்கும், இல்லாவிட்டால் படிக்கவே படிக்காது, பாதியை முழுசு என்று காட்டாது. முதலிலேயே இதைப் போட்டிருக்க வேண்டும், புதுப் பிரிண்டர் கேட்டிருக்க வேண்டும். கடைசி ஆர்டர் இதுதான் என்று கொள்முதல் அறையில் மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்தைச் சமாளிக்க நிர்வாக அதிகாரி தன் உதவியாளரை அனுப்பியிருந்தார். உதவியாளர் அவனைப் பிடித்து முன்னால் நிறுத்தி, நீங்களே சொல்லுங்கள் என்றார். அவன் சொன்னான். உள்ளே இருப்பவர்களைப் பதிவோடு பொருத்தியது, ஒருவர் மாறினால் இன்னொருவர் மிஞ்சியாக வேண்டும், மிஞ்சவில்லை, எனவே மாறவில்லை. ஓட்டை இல்லாத தர்க்கம். மகளைப் பறிகொடுத்த ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீங்கதான் அந்தக் கோடு போட்டவரா?" என்றார். ஆமாம் என்றான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான் சம்பளப் பிரிவுக்கு எதற்கோ வந்தவர், கேட்டுக்கு வெளியே குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். கூட்டம் அப்படியே அவரிடம் நகர்ந்தது. அடிக்கப் போகிறார்கள் என்று அவன் ஓடினான். அடிக்கவில்லை. ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் பையனைத்தான் எனக்குக் கொடுத்தாயா, நான் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லையே, எனக்குத் தைரியம் வரவில்லையே என்றாள்.

"உங்க புள்ளதாம்மா," என்றார் அத்தான். "நான் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவள் அழுதுகொண்டே அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகினாள். அடுத்து ஒருவர் வந்தார். அடுத்து இன்னொருவர். சொல்லிவைத்த மாதிரி அது வரிசையாகிவிட்டது. மகளைப் பறிகொடுத்தவரும் வந்தார்.

"பாத்தேங்க. எல்லாருக்கும் பாப்பேன். பாக்காம ஒருத்தரையும் அனுப்பினதில்ல."

அவன் குனிந்து அத்தானின் காதில் சொன்னான். "உதவியாளர் அங்கதான் நிக்கறாரு. திங்கக்கிழமைய நெனச்சிப் பாருங்க. எந்திரிங்க அத்தான், வீட்டுக்குப் போலாம்."

"நீ சொன்னது நெசம். யாராச்சும் நம்பினாங்களா?" என்றார் அத்தான். "போ அந்தாண்ட."

வரிசையின் கடைசியில் வெல்டரின் மனைவி நின்றிருந்தாள். சாம்பலைக் கிழவரின் மகன்கள் ஏற்கெனவே கடலில் கரைத்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு வாங்கிப் போவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் தினம் வந்துகொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அவள் முறை வந்தபோது முன்னால் வந்தவர்கள் கலைந்து போகாமல் சுற்றி நின்றிருந்தார்கள். கிழவியும் இருந்தாள்.

"எல்லாருக்கும் பாப்பேன்னீங்களே," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "எங்க வீட்டுக்காரர் மூஞ்சியையும் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் சங்கத்துக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே இருக்கும். வேலையும் வீடும் இருக்கும். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்பார்கள். உதவியாளர் இரண்டடி முன்னால் வந்து நின்றார். அவன் அத்தானின் முதுகைப் பார்த்துக்கொண்டு, பார்க்கலன்னு சொல்லுங்க, பார்க்கலன்னு சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினான். இறக்கி ஏற்றிய பாத்திரங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"பாத்தேம்மா," என்றார் அத்தான். "பாத்துட்டுத்தான் மாத்திக் குடுத்துட்டேன். எம்மேலதான் தப்பு."

உதவியாளர் கேட்டுக்குள் திரும்பிப் போனார். வேகமாகப் போகவில்லை. போகிற வழியில் போனை எடுத்தார். கூட்டத்தில் யாரோ த்தூ என்றார்கள். கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் அவள் தோள் தளர்ந்து இறங்கியதை அவன் பார்த்தான்.

வெல்டரின் மனைவி அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தாள்.

"நான் பாக்கலைங்க," என்றாள். "போனவாட்டி நான் ஊருக்குப் போறப்ப பாத்ததுதான். எப்பிடி இருந்தாரு?"

அத்தான் அவளையே பார்த்தார். நகர்ந்து, சுவரில் அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்ததும், சொல்ல ஆரம்பித்தார்.